பிறைக்குள் மூன்று புள்ளி

அந்தத் துப்பாக்கியின் வயது எனக்கு முதல் நாளே தெரியும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன் தம்பி. அதற்குப் பிறகு கட்டுரையை மறுபடி அச்சில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

அந்த நாற்காலியில் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். இவ்வளவு தூரம் வெயிலில் வந்திருக்கிறீர்கள். தொகுப்பில் என் கட்டுரைதான் முதலாவதாக வரப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். எழுதி முப்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது. மிஸ் தங்கபுஷ்பம் என்று ஒருத்தி மியூசியத்தில் காப்பாட்சியராக இருந்தாள் என்பதே யாருக்கும் நினைவிருக்காது என்று இருந்தேன்.

கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். பழைய துப்பாக்கிக் குழல் ஒன்றைச் செய்த கொல்லனைத் தேடிப் போனவர், கோவில் தேரின் அச்சாணியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எப்படி யோசித்தீர்கள் என்று. நல்ல கேள்வி. இத்தனை வருடத்தில் யாரும் கேட்கவில்லை. கட்டுரையில் 'கள ஆய்வின்போது தெரியவந்தது' என்று ஒரு வரி இருக்கும். தெரியவந்தது. தானாக வந்ததுபோல. தமிழில் அது ஒரு வசதி, ஆளைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம்.

ஆள் இருந்தார். பலவேசம் என்று பேர்.

அந்த வருடம் தை மாதத்தில் தேர்தல். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாகைப்புரம் என்று மலையடிவாரத்தில் ஓர் ஊர். அங்கே சாஸ்தா கோவிலில், தளவாய் மாடசாமிக்கு முன்னால் ஒரு துப்பாக்கி சாத்தி வைத்திருக்கும். தளவாய் என்றால் படைத்தலைவர் அல்லவா, அவருக்குத் துப்பாக்கி. ஊருக்குப் புதிதாக வந்த சப் இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டார். "இதுக்கு லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். கூட்டத்தில் எல்லாரும் சும்மா நின்றார்கள். பலவேசம் முன்னால் போய், "சாமி பேர்லதான் சார். நான்தான் அதைத் தூக்கி ஆடுதவன்" என்று சொல்லியிருக்கிறார். பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவர்தான் தளவாய்க்குச் சாமியாடி. அவருடைய அப்பா, அவருக்கு அப்பா, அந்த வழி. பங்குனி உத்திரத்து அன்றைக்கு மத்தியானம் அவர் மேல் சாமி வரும். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் எல்லையைச் சுற்றி வருவார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மிச்சம் முந்நூற்று அறுபத்து நாலு நாளும் வாழை வைப்பதும் வெட்டுவதும்.

கள்ளத் துப்பாக்கி வைத்திருந்தார் என்று கேஸ். எங்கேயோ ரகசியமாகப் பட்டறை வைத்து அடிக்கிறார்கள் என்று போலீஸ் சந்தேகப்பட்டது. பதினைந்து நாள் உள்ளே. பிறகு நிபந்தனை ஜாமீன். டவுனிலேயே தங்கி, தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். கேஸ் முடிகிறவரை சொந்த ஊர் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது.

துப்பாக்கி மியூசியத்துக்கு வந்தது. கூடவே நீதிமன்றத்திலிருந்து மூன்று கேள்வி. இது எந்தக் காலத்தது? சுடக்கூடிய நிலையில் இருக்கிறதா? செய்தவர் யார்?

மூன்றாவது கேள்வியை நான் போட்டுக்கொள்ளவில்லை. காகிதத்தில் டைப் அடித்தே இருந்தது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி இரண்டாம் தேதி. உத்திரத்துக்கு முப்பத்தாறு நாள் இருந்தது. மேஜையில் பழைய பெட்ஷீட்டை விரித்து அதன் மேல் வைத்தேன். எண்ணெயும் சந்தனமும் குங்குமமும் சாம்பிராணிப் புகையும் ஏறி ஏறிக் கட்டியாகிப் போயிருந்தது. எங்கள் அட்டெண்டர் கொம்பையா ஒரு கையில் புளியும் ஒரு கையில் செங்கல்பொடியுமாக வந்து நிற்கிறார்.

"ஒரே தேய்ப்பும்மா. குத்துவிளக்கு மாதிரி ஆக்கிப்புடுதேன்."

"கொம்பையா, அதைத் தொட்டீர் என்றால் உமக்கு மெமோ."

"தொடலை. எனக்கென்ன. பாவம், அதுவும் ஒரு குளி குளிச்சி எத்தனை வருசமாச்சோ."

அந்த அழுக்குத்தான் அதற்குக் காப்பு என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது. பஞ்சும் மண்ணெண்ணெயும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். ஒரு சாண் தெரிந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரும்புப் பட்டையைக் கம்பியில் சுற்றி, பழுக்கக் காய்ச்சி, அடித்து ஒட்டிய குழல். ஒட்டின தடம் கொடி சுற்றின மாதிரி தெரிகிறது. அந்த வேலை நின்று நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. பென்சிலின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தேன். புது இரும்பு கூவும், பழைய இரும்பு முனகும். இது முனகியது. வெடிமருந்தைப் பற்றவைக்கிற துளையை யாரோ எந்தக் காலத்திலோ ஈயம் ஊற்றி அடைத்திருந்தார்கள். பிரம்மனே வந்தாலும் சுட முடியாது. முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது.

"அப்ப எழுதி அனுப்பிருங்கம்மா. நூறு வருசத்துக்கு மேல, சுடாதுன்னு ரெண்டு வரி. வந்தவன் வாசல்ல நிக்கான் பாருங்க" என்றார் கொம்பையா.

வாசலில் பலவேசம் நின்றார். நாற்பது வயது இருக்கும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைப் படிக்கட்டுக்குக் கீழேயே கழற்றிப் போட்டுவிட்டு. மியூசியத்துக்குள் செருப்போடு வரலாம் என்று சொன்னேன். "இல்லம்மா, உள்ள சாமிப் பொருள் இருக்கு" என்றார்.

"எழுதியாச்சாம்மா?"

"இப்போதுதானே வந்திருக்கிறது."

"உத்திரத்துக்குள்ள ஆயிருமாம்மா?"

"ஆகிவிடும்."

சொன்னேன். நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'பார்க்கலாம்' என்று சொல்லியிருக்கலாம். 'ஆகிவிடும்' என்றேன்.

காப்பி ஆறுகிறது, குடியுங்கள்.

அன்று சாயங்காலமே ரெண்டு வரி எழுதிவிடலாம் என்றுதான் காகிதத்தை மெஷினில் ஏற்றினேன். அதற்கு முன்னால் சும்மா ஒருமுறை குழலின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கேதான் எல்லாம் ஆரம்பம்.

உள்ளே புரி இருந்தது. திருகாணியின் மரைபோல, வாயிலிருந்து அடிவரை சுற்றிச் சுற்றிப் போகிற பள்ளக் கோடுகள். ஏழு கோடு. குண்டு சுழன்றுகொண்டே போவதற்கு வெட்டுவது. நம் பக்கத்தில் செய்த நாட்டுத் துப்பாக்கிகளில் அது கிடையாது தம்பி. எல்லாம் மொட்டைக் குழல்தான். பாளையக்காரர்களின் கோட்டைகளை இடித்து, ஆயுதங்களைப் பிடுங்கி, இனி யாரும் செய்யக் கூடாது என்று உத்தரவு போட்ட காலத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்து, கையால், ஏழு புரி வெட்டியிருக்கிறான். அல்லது சீமையில் செய்து இங்கே வந்ததா? இந்த இரண்டில் எது? என்னால் தூங்க முடியவில்லை. அதுவரை என் உத்தியோகத்தில் நான் செய்ததெல்லாம் உடைந்த சிலைகளுக்குச் சீட்டு எழுதியது. கல்லூரியில் முதல் வகுப்பு வாங்கினவள். சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் துப்பாக்கியின் மரக்கட்டையிலிருந்து ஆணிகளைத் தட்டி எடுத்துவிட்டுக் குழலைத் தனியே தூக்கினேன். மரம் மறைத்திருந்த அடிப்பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முத்திரை. பிறை ஒன்று, அதற்குள் மூன்று புள்ளி. பேரில்லை, ஊரில்லை.

காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து இங்கிலாந்துக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் வர மூன்று வாரம் ஆகும். "அதுவரைக்குமா?" என்றார் கொம்பையா. அரைகுறை அறிக்கையில் என் கையெழுத்து இருக்காது என்றேன். கொம்பையா தலையைச் சொறிந்தார். "கையெழுத்துப் போடுத கஷ்டம் அந்தா வெளிய இருக்காரே, அவருக்குல்லா தெரியும்" என்றார். அந்த மனிதருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பலவேசம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சோடாக் கடையில் பாட்டில் கழுவினார். அங்கேயே படுக்கை. பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பதினொரு மணிக்கு டாண் என்று மியூசியத்துக்கு வந்துவிடுவார். என் அறை வாசலில் ஒரு பெஞ்சு. "எழுதியாச்சாம்மா?" என்று கேட்பார். "இன்னும் கொஞ்சம்" என்பேன். பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். நான் வேலை செய்துகொண்டே அவரிடம் சொல்வேன். பட்டையை எப்படிச் சுற்றியிருப்பார்கள், ஏழு என்கிற எண் ஏன், புரி இடது பக்கமாகத் திரும்புகிறதே அது ஏன். அவர் "ம்" கொட்டுவார். அந்த "ம்" ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். தெரிந்துகொண்ட "ம்", சந்தேகப்பட்ட "ம்", மேலே சொல்லுங்கள் என்கிற "ம்". எனக்கு அப்பா இறந்தபிறகு வீட்டில் யாரும் கிடையாது. மேலதிகாரிகள் வந்தால் கக்கூஸ் சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். பேச்சுத்துணைக்காக நான் அறிக்கையைத் தள்ளிப் போட்டேன் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அப்படி எதுவும் இல்லை. பதினொரு மணிக்குக் கொம்பையாவை இரண்டு டீ வாங்கி வரச் சொல்வேன், அவ்வளவுதான்.

ஒருநாள் அவராகவே கேட்டார்.

"சாமி வாரது எப்படி இருக்கும்னு நீங்க கேக்கவே இல்லியேம்மா. எல்லாரும் கேப்பாவ."

"எப்படி இருக்கும்?"

"வாரதுக்கு முன்ன உள்ளங்கால்ல எறும்பு ஊறுத மாதிரி இருக்கும். பெறவு எனக்குத் தெரியாது. எறங்கின பெறவு தோள்பட்டை வலிக்கும். அதான் வந்துட்டுப் போயிருக்கார்னு அடையாளம்."

"இந்த வருடம் போக முடியாவிட்டால் அடுத்த வருடம் வருவார் இல்லையா?"

நான் வேதக்காரி. எங்கள் கோவிலில் பாதிரியார் ஒரு வாரம் லீவு போட்டால் வேறு பாதிரியார் வந்து ஆராதனை நடத்துவார். அந்த நினைப்பில்தான் கேட்டேன். அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"ஆள் இல்லாத இடத்துல அவர் காத்துக்கிட்டு நிக்க மாட்டாரும்மா. பக்கத்துல யார் நிக்கானோ அவன் மேல ஏறிருவார். எங்க சித்தப்பா மவன் அணஞ்சபெருமாள் இருக்கான். நல்ல பையந்தான். மேளம் அடிச்சா அவனுக்குக் கால் நிக்காது. நான் பக்கத்துல நிக்கதுனால அடங்கிக் கெடக்கான்."

பிறகு சிரித்தார். "உத்திரத்துக்குப் போயிட்டேன்னா ஒரு வில்லங்கமும் இல்ல."

மாசிக் கடைசியில் இங்கிலாந்திலிருந்து பதில் வந்தது. மூன்று கடிதத்துக்கும் ஒரே பதில்தான், இப்படி ஒரு முத்திரை எங்கள் பதிவுகளில் இல்லை என்று. என் மனது எப்படித் துள்ளியது தெரியுமா? சீமைக் குழல் இல்லை என்றால் இங்கே உள்ள ஒருவன். பேர் தெரியாத ஒரு கொல்லன். அந்த உற்சாகத்தில் முத்திரையின் பிரதியைப் பலவேசத்திடம் நீட்டினேன். அதற்கு முன்னால் அவரிடம் காட்டத் தோன்றவே இல்லை பாருங்கள். இங்கிலாந்துக்கு அனுப்பினேன், என் வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் காட்டவில்லை.

அவர் காகிதத்தை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

"இது கடம்பங்குடித் தேர் அச்சாணியில இருக்குல்லா."

"என்னது?"

"நான் அந்தத் தேருக்குச் சறுக்குக்கட்டை போடுதவன்மா. தேர் ஓடையில சக்கரத்துக்கு அடியில கட்டையக் குடுத்துத் திருப்பணும். மூஞ்சிக்கு நேர அச்சாணிதான் இருக்கும். கொஞ்சம் அசந்தா மண்டை போயிரும், அதுனால அதையேதான் பாத்துக்கிட்டு ஓடுவோம். நிலாவும் மூணு பொட்டும். பக்கத்துல என்னமோ எழுத்தும் இருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது."

கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும் அவருக்கு.

கடம்பங்குடி அவருடைய ஊருக்கு ஆறு மைல். அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். தேர், அது நிற்கிற தேர்முட்டியில் தகரம் அடித்து மூடிக் கிடந்தது. கோவில் நிர்வாக அதிகாரி தங்கமான மனிதர். ஆனால், "சித்திரைத் திருவிழாவுக்குக் கால் நாட்டினப்புறம்தான்மா தகரத்தைப் பிரிப்போம். சக்கரத்தை இளக்கி மசகு போடும்போது அச்சாணியைக் கையிலேயே எடுத்துப் பார்க்கலாம். அதுக்கு முந்தி தொட்டா ஊர்ல ஒத்துக்க மாட்டாவ" என்றார். சித்திரையில் கால்நாட்டு. உத்திரம் கழிந்து நாலு வாரம்.

திரும்பி வந்தேன். வழியெல்லாம் கணக்குப் போட்டேன். ரெண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, செய்தவர் பேரைப் பிறகு சாவகாசமாகக் கண்டுபிடித்தால் என்ன? பிடித்திருக்கலாம். ஆனால் அறிக்கை கொடுத்த மறுநாள் பொருளைக் கோர்ட் திருப்பிக் கேட்கும். துப்பாக்கி ஊருக்குப் போய்விடும். ஊரில் மறுபடி எண்ணெயும் சந்தனமும் அப்புவார்கள். முத்திரையையும் அச்சாணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுக்காமல் யார் நம்புவார்கள்? இதுதான் காரணம். இப்போது சொல்லும்போது சிறியதாக இருக்கிறது. அப்போது மலை மாதிரி இருந்தது.

பங்குனி நாலாம் தேதி வாய்தா. உத்திரம் எட்டாம் தேதி. வாய்தாவுக்கு முதல் நாள் சாயங்காலம் வக்கீல் மைதீன் வந்தார். காசு வாங்காமல் கேஸ் நடத்தியவர். வியர்த்துப் போய் வந்து நின்றார்.

"மேடம், ஜட்ஜ் அய்யாகிட்ட நாலு நாள் ஊருக்குப் போக அனுமதி கேட்டேன். மியூசியம் ரிப்போர்ட் வந்தா கேஸையே முடிச்சிருதேன், வராம துப்பாக்கிக் கேஸ்காரனைத் திருவிழாவுக்கு எப்படி அனுப்பன்னு கேக்காரு. நியாயம்தானே? ஒரு பாரா போதும் மேடம்."

"மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் எப்படி மிஸ்டர் மைதீன்?"

"தெரியலைன்னு எழுதுங்க."

"தெரியப்போகிறதே."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மேஜையில் கிடந்த குழலைப் பார்த்தார். "சரி மேடம்" என்று போய்விட்டார். நான் ஆறு வாரம் அவகாசம் கேட்டு ஒரு கடிதம் எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பினேன். நல்ல கடிதம். பிழையே இல்லாத கடிதம்.

பலவேசத்திடம் என்ன சொன்னேன் என்றால், வேலை முடியவில்லை என்று சொன்னேன். அது பொய் இல்லை. "சரிம்மா, நீங்க என்ன செய்வீக" என்றார்.

உத்திரத்து அன்றைக்கு அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். குளித்து, புது வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று கொம்பையா சொன்னார். அன்று "எழுதியாச்சாம்மா" என்று கேட்கவில்லை. "அதைக் கொஞ்சம் பாத்துக்கிடட்டுமாம்மா?" என்று மட்டும் கேட்டார். உள்ளே கூட்டிப் போனேன். முதுமக்கள் தாழிகள் வைத்திருக்கிற கூடத்தில்தான் அப்போது துப்பாக்கியை ஒரு பலகை மேல் வைத்திருந்தேன். நான் அறைக்குத் திரும்பி வேலையைப் பார்த்தேன்.

பன்னிரண்டு மணி இருக்கும். கூடத்திலிருந்து ஒரு சத்தம். முதலில் மூச்சு. பிறகு தரையில் கால் பதிகிற சத்தம், மெதுவாக, தாளத்தோடு, எங்கோ அடிக்கிற மேளத்துக்கு. மேளமே இல்லாத இடத்தில் தம்பி. எழுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அடித்திருப்பார்கள். நான் ஓடிப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார், உடம்பு நடுங்குகிறது, வலது கை மெல்ல மெல்லத் துப்பாக்கியை நோக்கிப் போகிறது. சுற்றிலும் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டாயிரம் வருடத்துத் தாழிகள். ஒன்றின் மேல் கை பட்டால் போதும்.

"பலவேசம்!" என்றேன். அதட்டித்தான் சொன்னேன். "இங்கே கூடாது. பொருளெல்லாம் இருக்கிறது. வெளியே போங்கள்."

கால் நின்றது. கண்ணைத் திறந்தார். தூக்கத்தில் எழுப்பின குழந்தை மாதிரி என்னைப் பார்த்தார். "சரிம்மா" என்றார். "தப்பா நெனச்சுக்கிடாதீக." வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். தோள்பட்டையை ஒரு கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாழிகளை நான் காப்பாற்ற வேண்டியிருந்தது. அது என் உத்தியோகம். ஒரு தாழிகூட உடையவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அச்சில் இருக்கிறது. சித்திரையில் தகரம் பிரித்தார்கள். அச்சாணியை ஒரு சாக்கின் மேல் வைத்து என் கையில் கொடுத்தார்கள். பிறை, மூன்று புள்ளி. பக்கத்தில் உளியால் வெட்டின எழுத்து. 'கொல்லம் 1006, ஊர்காவலன் ஆசாரி செய்தது.' கொல்லம் ஆண்டு 1006 என்றால் இங்கிலீஷ் கணக்கில் 1831 வாக்கில். நான் தேர்முட்டியில் அத்தனை பேருக்கு முன்னால் அழுதேன். நூற்று ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரு மரக்கட்டைக்கு அடியில் ஒளிந்து கிடந்தவனுக்குப் பேர் கிடைத்துவிட்டது. அவன் பேரை நான் கொடுத்தேன் என்று நினைத்தேன். தேரில் எல்லாரும் பார்க்கும்படி போட்டுக்கொண்டவன்தான், துப்பாக்கியில் மட்டும் மறைத்திருக்கிறான். அந்த இரண்டு வரி கட்டுரையிலேயே நல்ல இடம், நீங்களும் கடிதத்தில் சொல்லியிருந்தீர்கள்.

பதினெட்டுப் பக்க அறிக்கை. நீதிபதியே பாராட்டினார். கேஸ் அன்றைக்கே தள்ளுபடி. அறிக்கையின் கடைசிப் பத்தியில், இப்படிப்பட்ட அரிய பொருள் மியூசியத்திலேயே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தேன். அதையும் ஏற்றுக்கொண்டார். அதனால்தான் இன்றைக்கும் துருவேறாமல் இருக்கிறது. நீங்கள் வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம்.

ஊரில் அந்த உத்திரத்துக்கு மேளம் அடித்ததும் அணஞ்சபெருமாள் மேல் சாமி வந்துவிட்டது. வெறுங்கையோடு எல்லை சுற்றியிருக்கிறான். அடுத்த வருடம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பலவேசம் முந்திய நாளிலிருந்தே விரதம். அவன் ஆடினான். இவர் நின்றார். அதற்கு அடுத்த வருடமும் நின்றார். இதெல்லாம் கொம்பையா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்கு அந்தப் பக்கம் சம்பந்தி வீடு. "இப்ப அந்த மனுசன் பந்தியில எலை போடுதாரும்மா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அந்த நீள வாயை அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டார்.

என்ன கேட்கிறீர்கள்? அடிக்குறிப்பில் அவர் பேரைச் சேர்க்கலாமா என்றா? சேர்க்கலாம். அச்சாணியைச் சொன்னவர் என்று சேர்க்கலாம். ஆனால் எந்தத் தேதியில் சொன்னார் என்று யாராவது கேட்டால்? அறிக்கைத் தேதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தால்? அதை யோசித்துக்கொள்ளுங்கள். நானும் யோசிக்கிறேன்.

ரிட்டயர் ஆன வருடம் நான் வாகைப்புரத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். ரயிலில் போகிறபோது வாக்கியத்தைக்கூட மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். பங்குனி உத்திரத்து அன்றைக்கே போனேன். ஏன் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்காதீர்கள்.

கூட்டத்தில் நான் அவரைப் பார்ப்பதற்கு முன்பே அவர் என்னைப் பார்த்துவிட்டார். எச்சில் இலை எடுத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடி வருகிறார். தலை நரைத்துவிட்டது. "எங்க மியூசியத்தம்மா வந்துட்டாவ!" ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தார். பன்னீர் சோடா வாங்கி வந்தார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வந்து நிறுத்தினார். "இவுகதான் என்னைய மீட்டுக் குடுத்தது. இவுக எழுதலைன்னா நான் இன்னும் செயில்லதான் கெடப்பேன். பதினெட்டுப் பக்கம்லா எழுதினாவ!" கோவில் சார்பில் எனக்கு ஒரு துண்டு போட்டார்கள். வேதக்காரி, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டேன். அவர் கைதட்டினார்.

அந்தப் பக்கம் அணஞ்சபெருமாள் ஆடிக்கொண்டிருந்தான். தோளில் தச்சன் செய்து கொடுத்த மரத் துப்பாக்கி, கறுப்பு பெயிண்ட் அடித்தது. நன்றாகத்தான் ஆடினான்.

பெரியவர்களில் ஒருவர், கொஞ்சம் குத்தலாகத்தான், கேட்டார். "ஏம்மா, ஒரு துப்பாக்கியப் பாத்துச் சொல்ல மூணு மாசமா ஆவும்? இவன் அந்த உத்திரத்துக்கு வந்திருந்தான்னா கதையே வேற."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பலவேசமும் பார்த்தார். ரயிலில் எழுதி வைத்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

"கஷ்டமான வேலைதானேம்மா?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

"ஆமாம் பலவேசம். ரொம்பக் கஷ்டமான வேலை."

"நான் சொன்னேம்லா!" என்று அவர் பெரியவரிடம் திரும்பினார். முகமெல்லாம் வெளிச்சம். "வருசக்கணக்கா சொல்லுதேன், ஒரு பய நம்ப மாட்டேங்கான். அம்மா ராத்திரி பகல் பாக்காம உழைச்சாவ. கண்ணால கண்டவன் நான்."

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. கோவிலில் மேளம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அவருடைய கால்களைப் பார்த்தேன். செருப்பில்லாத கால்கள், புழுதியில் அப்படியே ஊன்றி நின்றன.

"மேளம் கேட்கிறதே பலவேசம், நீங்கள் போகவில்லையா?"

"போனா என்னம்மா, போவாட்டா என்ன. நீங்க ஏறுத வரைக்கும் நிக்கேன்." பிறகு, சும்மா நிற்க வேண்டாமே என்று நினைத்திருப்பார். "அந்தக் கோடு ஏழும் எடது பக்கமாத் திரும்புதுன்னு சொல்லுவீகளே, அது ஏன்னு கடைசியில கண்டுபிடிச்சாச்சாம்மா?"

முக்கால் மணி நேரம் தம்பி. அக்கம்பக்கம் ஓர் ஆள் இல்லை. நான் அவருக்குப் புரிக்கோடுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார்.